நடுக்கால் துளிர்த்த வீடு

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேதான் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நானும் ஒரு முட்டிக்குத் தேய்த்துவிட்டு, அடுத்ததற்குத் தேய்க்கும் முன் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வேலையில் இருந்தவரை ஊசி போடத்தான் கை ஓடியது. ஓய்வு பெற்ற பிறகு பழைய கதை சொல்ல ஓடுகிறது. நம் வயதில் வேறு என்ன இருக்கிறது?

தஞ்சாவூருக்கு வெளியே, பைபாஸைத் தாண்டி, என் மகன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். போன மாதம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். கூடத்தின் நடுவில் கூரையைத் திறந்து விட்டிருந்தார்கள். அதற்கு நேர் கீழே டைல்ஸ் போடாமல் வட்டமாக மண் தெரிந்தது. வீட்டு வரைபடம் போட்ட பெண் அங்கே நின்றிருந்தாள், கெட்டிக்காரப் பெண்.

"இங்க ஒரு மரம் வருதும்மா. இப்ப எல்லாரும் இயற்கைய வீட்டுக்குள்ள கொண்டு வரத்தான் ஆசப்படுறாங்க" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். காலம் தெரியாத கிழவி என்று அவள் நினைத்திருப்பாள். நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்குள் மரம் நின்றது என்று சொன்னால் நம்பவா போகிறாள்? அன்றைக்கே ஒரு அதிகாரி நம்பவில்லை.

நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா, மிராசுதாரின் களத்துக்குக் காவல். அதனால் எங்கள் ஆட்கள் குடியிருந்த தெருவில் எங்களுக்கு வீடு இல்லை. தெருவை விட்டுத் தள்ளி, நெல் அடிக்கும் களத்தின் ஓரத்தில், வாய்க்காலை ஒட்டித் தனியாக ஒரு குடிசை. கல்யாணமான கையோடு "அங்கேயே ஒண்ணைக் கட்டிக்கிட்டுக் கெட" என்று சொல்லிவிட்டார்களாம். அது ஐப்பசி, மழை கொட்டுகிற நேரம். அப்பா அவசர அவசரமாக நாலு மூலைக்கும் மூங்கிலை நட்டார். உத்தரத்தைத் தாங்க நடுவில் ஒரு கால் வேண்டுமே. வாய்க்கால் கரைப் பூவரசில் கவையோடு ஒரு கிளையை வெட்டி வந்து ஊன்றிவிட்டார். பச்சை மரத்தைக் காலாக ஊன்றினால் பட்டையை உரிக்க வேண்டும், அடியை நெருப்பில் கருக்க வேண்டும். மழை விட்டால்தானே அதெல்லாம்?

தை மாதம் அந்தக் கால் துளிர்த்தது.

அப்பா கிள்ளிக் கிள்ளிப் போட்டார். அதுவும் விடவில்லை. கடைசியில் அம்மாதான், "வந்துட்டுப் போவுது விடுய்யா. புது வீட்டுல பச்சையக் கிள்ளாத" என்று கையைப் பிடித்தாளாம். கவைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கொப்பு மட்டும் கீற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. எனக்கு விவரம் தெரிந்தபோது கூரைக்கு மேலே ஒரு முழு மரம் நிழல் விரித்திருந்தது. அடிமரம் வீட்டுக்குள், தலை வெளியே.

அதை வைத்துக்கொண்டு அம்மா குடித்தனம் நடத்தியதை இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. மரம் கூரையைத் தாண்டும் இடத்தில் உடைந்த பானையின் கழுத்தை மாட்டிக் களிமண் அப்பியிருந்தாள். அப்படியும் மழை மரத்தோடு வழிந்து உள்ளே இறங்கும். ஆள் உயரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு வைக்கோல் பிரியைக் கட்டி, அதன் நுனியைத் தொங்க விட்டிருந்தாள். வழிகிற தண்ணீர் பிரியில் இறங்கிச் சட்டிக்குள் சொட்டும். தரை நனையாது. அந்தச் சட்டித் தண்ணீரில்தான் எனக்குத் தலைக்கு ஊற்றுவாள். கருக்கரிவாள், சீப்பு, உறி எல்லாம் அந்த மரத்தில்தான். மரம் பெருக்கப் பெருக்கச் சித்திரை தோறும் அப்பா கீற்றைத் தளர்த்திக் கட்டுவார்.

காலையில் மஞ்சளாகப் பூத்தது சாயந்திரம் சிவந்து உதிரும். கூரை மேலே விழுவது சத்தமே கேட்காது. பானைக் கழுத்தின் இடுக்கு வழியாக ஒன்றிரண்டு உள்ளே விழும், சில சமயம் சோற்றிலேயே. அம்மா எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுவாள். எல்லாம் சுகம் என்று சொல்லிவிட மாட்டேன். கம்பளிப்பூச்சிக் காலம் வந்தால் பாயில் படுக்க முடியாது. முதுகெல்லாம் தடித்துப் போய் நானும் தம்பியும் அழுவோம். அடுப்புச் சாம்பலைப் பூசிவிட்டு, "அதுவும் நம்ம வீட்டுலதான இருக்கு, எங்க போவும்?" என்பாள் அம்மா. எனக்கு அப்போது அவள் மேல் கோபம் கோபமாக வரும்.

கவைக்குக் கீழே தூளிக் கயிறு கட்டியிருந்தது. நான் கிடந்தேன், பிறகு தம்பி கிடந்தான். தம்பிக்குப் பின் ஒன்று பிறந்து தங்காமல் போய்விட்டது. தூளிச் சேலையை அவிழ்த்த அம்மா கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை. மரம் அந்தக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டது. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது பட்டையில் ஒரு மடிப்புத்தான் தெரியும். விரலை உள்ளே விட்டால் கயிறு சொரசொரவென்று தட்டும்.

பண்ணையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆட்கள் குடியிருக்கும் இடத்தில் மரம் வைக்கக் கூடாது. சுரை போடலாம், அவரை போடலாம், பீர்க்கங்கொடி ஏற்றலாம். எல்லாம் ஒரு பட்டத்தோடு முடிந்துவிடும். மரம் அப்படி இல்லையே. மரம் நின்றால், குடியிருப்பவன் அதை வைத்தவன் நான் என்பான், நிழல் என்னுடையது என்பான், பிறகு மண்ணும் என்னுடையது என்பான். மிராசுதாரின் காரியக்காரர் வருடத்துக்கு ஒரு தடவையாவது வந்து எங்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்.

"என்னடா இது, மரம் வெக்கப்படாதுன்னு சொல்லிருக்குல்ல?"

"மரமில்லீங்க. அது காலுங்க" என்பார் அப்பா, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு.

"எல புடிச்ச காலா?"

"ஆமாங்க. பச்சையா ஊனிட்டேன், தப்புத்தாங்க."

காரியக்காரர் சிரித்துவிட்டுப் போவார். அடுத்த வருடமும் இதே பேச்சு, இதே சிரிப்பு. மரத்தை மரம் என்று சொல்லாமலே அப்பா இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருந்தார்.

ஆட்சி மாறி, டீக்கடை வாசலில் இரட்டை வண்ணக் கொடி ஏறியிருந்த காலம் அது. சிவப்புக் கொடியும் தெருமுனையில் இருந்தது. கூலிக்கு இன்னும் அரைப்படி நெல் சேர்த்துக் கேட்டு அறுப்பை நிறுத்துவார்கள், வெளியூர் ஆட்களை இறக்குவார்கள், வரப்பில் கைகலப்பாகும். குடிசைகள் எரிந்த சேதி வேறு காதில் விழுந்துகொண்டிருந்தது. அம்மா கீற்றின் விளிம்பில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் படுப்பாள்.

அப்போதுதான் பஞ்சாயத்து ரேடியோவில் அந்தச் சட்டத்தைச் சொன்னார்கள். விவசாயத் தொழிலாளி எந்த மனையில் ஏற்கெனவே குடியிருக்கிறானோ, அந்த மனை அவனுக்கே. விவசாயச் சங்கத்துக்காரர் சைக்கிளில் வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று விளக்கினார். நல்ல மனிதர். எங்கள் வீட்டில் கூழ் குடித்துவிட்டுப் போகிறவர்.

"அண்ணே, தெருவுக்குப் பிரச்சினை இல்ல. எல்லாம் வரிசையா இருக்கு, யாரு வந்தாலும் தெருன்னுதான் எழுதணும். ஒங்க வீடுதான் தனியா களத்தோரம் கெடக்கு. அந்தக் காரியக்காரன் என்ன சொல்லிக்கிட்டுத் திரியுறான் தெரியுமா? அது வீடே இல்ல, பண்ணையோட மாட்டுக் கொட்டகைன்னு."

"கொட்டகையா?" என்றாள் அம்மா.

"தங்கச்சி, கோவப்படாத. பாக்குறதுக்கு அப்படித்தான இருக்கு? கூரைய மரம் பொத்துக்கிட்டு நிக்கிது, உள்ள எல கொட்டுது. ஆபீசரு வந்தா வீடுன்னா வீடாத் தெரியணும். நல்லாப் புதுசாக் கட்டி வைங்க. யாரும் கொட்டகைன்னு வாயத் தொறக்க முடியாது."

அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கு யோசித்தாலும் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களைப் போன்றவர்களிடம் யாராவது வந்து இது வீடா என்று கேட்டால், வீட்டைக் கழுவி மெழுகி நிறுத்தத்தான் எங்களுக்குத் தெரியும். அழுக்காக இருந்தால் அடித்து விரட்டுவார்கள், சுத்தமாக இருந்தால் கொஞ்சம் மதிப்பார்கள் என்பதே நாங்கள் கண்ட நடைமுறை.

அம்மா ஒரு வாரம் பிடிவாதமாக இருந்தாள். "மரம் இருந்துட்டுப் போவட்டும், சுத்தி மட்டும் சரி பண்ணு" என்றாள். அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "புள்ளைவளுக்கு எடம் வேணுமா, மரம் வேணுமா?" அதற்கு மேல் எந்தத் தாய் பேசுவாள்? அம்மா எழுந்து போய்க் கருக்கரிவாளையும் சீப்பையும் மரத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

மரத்தை வெட்டிய அன்று வீட்டுக்குள் முதல் முறையாக வெயில் வந்தது. எனக்கும் தம்பிக்கும் ஒரே கொண்டாட்டம். அந்த வெயிலில் குதித்துக்கொண்டிருந்தோம். வேர் இருந்தால் புதுத் தரையை வெடிக்க வைக்கும் என்று அப்பா இடுப்பளவுக்குக் குழி வெட்டி எடுத்தார். மண்ணைக் கெட்டிப்படுத்தி, ஒரு பனங்காலை நட்டு, கூரை முழுவதும் புதுக்கீற்று வேய்ந்தார். அம்மா சாணியும் கரியும் கலந்து தரையைக் கண்ணாடியாக மெழுகினாள். சுவரில் சுண்ணாம்பு, வாசலில் செம்மண் பட்டை. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்படி ஒரு வீட்டில் நான் பிறகு குடியிருக்கவில்லை.

அடிமரத்தை வீணாக்க அப்பாவுக்கு மனமில்லை. அதிகாரி வந்தால் உட்கார வைக்க எங்களிடம் ஒன்றும் கிடையாது. பக்கத்து ஊர் ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு பெஞ்சு போடச் சொன்னார். அறுக்கும்போது ஆசாரி வாளை நிறுத்திவிட்டு, "என்னப்பா, உள்ள கயிறு ஓடுது?" என்றார். பலகையில் குறுக்காக ஒரு கறுப்புத் தழும்பு, அதற்குள் தேங்காய் நார். "இதச் செதுக்கி எடுத்துரட்டுமா?" என்று கேட்டார். "வேணாம், கெடக்கட்டும். கீழ்ப்பக்கம் போட்டுருங்க" என்றாள் அம்மா. அப்படியே அடிப்பக்கமாகத் திருப்பி அடித்தார்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒரு காலை நேரத்தில் சைக்கிளில் வந்தார். கூடவே ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணமும் காரியக்காரரும். சங்கத்துக்காரர் அன்று திருவாரூர் ஊர்வலத்துக்குப் போயிருந்தார். தெருவை முடித்துக்கொண்டுதான் எங்களிடம் வந்தார்கள். தெரு முழுக்கச் சரியாகிவிட்டது என்று முன்னாலேயே ஓடி வந்து சொன்னார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்பா பெஞ்சைத் துண்டால் துடைத்து வீட்டுக்குள் போட்டார். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். இளநீர் கொடுத்தோம். சுற்றிலும் பார்த்துவிட்டு, "பரவால்லயே, நல்லா வச்சிருக்கியேப்பா" என்றார். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரிசு வாங்கிய பையன் கெட்டான்.

காரியக்காரர் கொட்டகை என்ற பேச்சையே எடுக்கவில்லை. பனங்காலைத் தட்டிப் பார்த்தார்.

"இதத்தான் சார் நான் சொல்ல வந்தேன். கீத்துல பச்ச வாட கூடப் போவல. கால் ஊனுன மண்ணு இன்னும் எறங்கல. அறுப்புக் காவலுக்குன்னு ஐயா எடம் குடுத்தாரு. சட்டம்னு காதுல விழுந்ததும் ராவோட ராவா வீட்டப் போட்டுட்டான்."

"இல்லீங்க சார்" என்றார் அப்பா. "கல்யாணம் ஆனதுலேருந்து இங்கதாங்க. இப்ப ரிப்பேருதான் பண்ணுனோம்."

"ரிப்பேருன்னா பழசு கொஞ்சமாவது இருக்கணும்லப்பா? இதுல பழசு எது? காட்டு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்பா சுற்றிப் பார்த்தார். சுவர் புதுசு, தரை புதுசு, கூரை புதுசு. பானைக் கழுத்தைக்கூட வாய்க்காலில் எறிந்துவிட்டிருந்தோம்.

அம்மாதான் பேசினாள். "இங்க மரம் நின்னுச்சு சார். இந்தா, இந்தக் கால் இருக்குற எடத்துல. எம்புள்ளைவளுக்கு அதுலதான் தூளி கட்டுனேன்."

"வீட்டுக்குள்ள மரமா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"ஆமா சார்" என்றார்கள் கூட வந்திருந்த தெரு ஆட்கள்.

"நீங்க ஒருத்தருக்கு ஒருத்தர் ஆமா போடாம என்ன செய்வீங்க?" என்றார் அவர். பிறகு காரியக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "மரம் இருந்துச்சா?"

வருடா வருடம் அண்ணாந்து பார்த்த அந்த மனிதர் கொஞ்சமும் தயங்கவில்லை. "மரமா? இவன்கிட்டயே கேளுங்க சார். நான் எப்ப கேட்டாலும் மரமில்ல, காலுன்னுதான் சொல்லுவான்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு பெஞ்சைப் பார்த்தாள். மறுபடியும் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு அன்று விளங்கவில்லை. கயிறு தின்ற பலகை அந்த இன்ஸ்பெக்டருக்குக் கீழேதான் இருந்தது. கவிழ்த்துக் காட்டினால் எங்கள் வீட்டின் வயது முழுவதும் அதில் தெரிந்திருக்கும். ஆனால் கவிழ்க்க வேண்டுமென்றால் அவர் எழுந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் அதிகாரியைப் பார்த்து "கொஞ்சம் எந்திரிங்க சார்" என்று சொல்ல வேண்டும். அப்பா வாயைத் திறந்தார். கை தானாகக் கூப்பிக்கொண்டது. திறந்த வாய் மூடிக்கொண்டது. அம்மா நாக்கு நுனி வரை கொண்டுவந்ததைப் புருஷன் முகத்துக்காக விழுங்கிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் இளநீரைக் குடித்து முடித்துவிட்டு, தானாகவே எழுந்து போனார்.

களத்தை அகலப்படுத்த வேண்டும் என்று தை அறுப்பு முடிந்ததும் எங்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். சங்கத்துக்காரர் நன்னிலத்துக்கும் திருவாரூருக்கும் அலைந்தார். ஒன்றும் நடக்கவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் அவர் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அம்மா அவருக்கும் கூழ் கொடுத்தாள்.

தட்டுமுட்டுச் சாமான்களை மாமா வீட்டுக்குக் கொண்டு போக வண்டி வந்தது. பெஞ்சைத் தூக்கிக் கவிழ்த்து வைத்தபோதுதான் அந்தத் தழும்பை நான் மறுபடியும் பார்த்தேன். விரலை வைத்தேன், அதே சொரசொரப்பு. அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை. மாட்டைப் பூட்டுவது போல நுகத்தடியையே தடவிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குள் அம்மா ஏதோ செய்துகொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால், பனங்காலை ஒட்டி மெழுகிய தரை விண்டிருந்தது. உள்ளே எங்கேயோ தப்பிய ஒரு துண்டு வேர். விரல் நீளத்துக்குச் சிவந்த துளிர், நுனியில் ரெண்டு இலை. அம்மா குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அதற்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டுப் போற வீட்டுக்கு எதுக்கும்மா தண்ணி?" என்றேன்.

"வீட்டுக்கு ஊத்தல" என்றாள்.

பிறகு பல வருடம் மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் ஒண்டியிருந்தோம். நான் நர்ஸ் படிப்புக்குப் போன காலத்தில்தான் அரசாங்கம் கட்டிய காலனியில் ஒரு வீடு கிடைத்தது. காங்கிரீட் கூரை, சிமெண்டுத் தரை. அம்மா ஆணி அடிக்கப் போனால் ஆணிதான் வளையும். அந்தப் பெஞ்சு வாசலில் கிடந்தது. அப்பா அதில் உட்கார்ந்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை, தரையில்தான் உட்காருவார். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, யாரும் ஒன்றும் கேட்காமலே, "எந்திரிக்கச் சொல்லியிருக்கணும்" என்றார். படுக்கையிலிருந்து எழுப்பச் சொல்கிறார் என்று நினைத்துத் தம்பி தோளைப் பிடித்துத் தூக்கினான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவின் சாவுக்கு வந்தவர்கள் உட்காரப் பெஞ்சைத் தெருவில் போட்டோம். கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால் காணோம். யார் கொண்டு போனார்களோ, யார் வீட்டில் கிடக்கிறதோ தெரியாது.

காட்டியிருந்தாலும் அந்த இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டிருப்பார் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லித்தான் இத்தனை காலம் மனதைத் தேற்றி வைத்திருந்தேன்.

போன வாரம் மகன் வீட்டுக்கு மரம் வந்தது. முத்துப்பேட்டைச் சாலையை அகலப்படுத்தும்போது பெயர்த்த புன்னையாம். வேரோடு மண்ணோடு சாக்கில் கட்டி லாரியில் கொண்டுவந்தார்கள். கிரேன் அதைத் தூக்கித் திறந்த கூரை வழியாக உள்ளே இறக்கியது. என் மகனுக்கு வாயெல்லாம் பல். பெரிய மரம். பட்டையில் யாரோ எப்போதோ அடித்த ஆணியின் தழும்பு இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொந்தமாக ஒரு மனையில் மகன் வீடு கட்டுகிறான் என்ற பெருமை எனக்கு இல்லாமல் இல்லை. ஆனாலும் அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டு அங்கே உட்கார வைக்க முடியவில்லையே.

வரைபடம் போட்ட பெண் பக்கத்தில் வந்தாள்.

"சின்னக் கன்னா வச்சா வளர ரொம்ப வருசம் ஆகும்மா. அதான் பெரிய மரமாவே கொண்டு வந்துட்டோம். இனிமே யாரு வந்து பார்த்தாலும் நீங்க எத்தனையோ வருசமா இங்கயே குடியிருக்கிற மாதிரி இருக்கும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு, மரத்தை வெட்டும் முன், யாராவது சொல்லியிருந்தால் போதும், அம்மா.